கம்பெனி கொடுத்த புதன்கிழமை

கொரு,
ஞாயிறு, கோயில் விட்டு வந்தபின்.

அன்பு மகள் அப்போண்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே குறை ஒன்றும் இல்லை. மழை தொடங்கியதும் அம்மாவுக்கு இடுப்பு வலியும் தொடங்கிவிட்டது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். படித்து முடித்துவிட்டுச் சிரி.

நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. காலையில் மட்டும் இன்ஷூரன்ஸ் வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்கிறாய், மதியம் புதியவர்களுக்கு வேலை கற்றுத் தருகிறாய், புதன்கிழமை மதியம் வாலிபால் விளையாடுகிறாய். எல்லாம் நீயே கேட்டாய், கம்பெனி சிரித்த முகத்தோடு கொடுத்தது என்றாய். இப்போது மேற்பார்வையாளர் பதவி தருகிறார்கள், ஏற்றால் இதெல்லாம் போய்விடும், என்ன செய்யட்டும் என்றும் கேட்டாய்.

சிரித்த முகம் என்றதுமே எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நம் சர்க்கரை ஆலையில் ஒரு வருடம் 'தொழிலாளர் நல வாரம்' கொண்டாடினார்கள். எல்லோருக்கும் பனியன் கொடுத்துக் கயிறு இழுக்க விட்டார்கள். நான் சங்கத்தில் இருந்தவன், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இழுத்தேன். அந்தப் பனியன் சாயம் போவதற்குள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் நீ நாற்காலியிலேயே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூங்கொத்து அனுப்பியது இந்தக் கம்பெனிதான். எப்போது திரும்பி வருவாய் என்று அன்றைக்கே கேட்டதும் இதே கம்பெனிதான்.

ஆகவே, கோபிக்காதே, நான் நைரோபிக்கு வந்தேன். கிசுமுவில் கண் காட்டப் போவதாக அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். சித்தப்பா ஒண்டிட்டியின் வீட்டில் தங்கினேன். அவனைத் திட்டாதே, வாயை மூடச் சொன்னது நான்தான்.

புதன்கிழமை உன் அலுவலக வாசலில் நின்றேன். காவலாளி, நியாபுட்டோ என்ற கிசிப் பக்கத்துக்காரர், என்னைப் பார்த்ததும், "இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வந்தீங்களா பெரியவரே? உள்ள சிரிச்சுக்கிட்டே போனவங்க யாரும் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்ததில்ல" என்றார். உன் பெயரைச் சொன்னேன். பின்னாலிருக்கும் மைதானத்துக்குப் போகச் சொன்னார். நான் நகரவில்லை. விளையாட வராதவர்களை வேலையைவிட்டு நீக்குகிறார்களா, பேசுவதை ஒட்டுக் கேட்கிறார்களா என்று துருவினேன்.

"அட, இல்லய்யா. ஒருத்தரு கித்தார் கத்துக்கப் போறாரு. இன்னொரு அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்குது. அவங்கவங்க கேட்டபடி."

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எங்கய்யா கேக்கறது? நான் போட்டிருக்கிறது வேற கம்பெனி சட்டை. இதெல்லாம் கேட்டுக்கு உள்ள இருக்கிறவங்களுக்கு." காலையில் வந்து நின்றவர், இருட்டிய பிறகுதான் உட்காருவாராம். பார்த்தாயா, ஏதோ வாடை என்று சொன்ன என் மூக்கு பொய் சொல்லவில்லை.

பிறகு வேலியோரம் போய் நின்றேன். விசில் வைத்திருந்த வழுக்கைத் தலைக்காரர்தான் உன் மேலாளராம். அவரைப் பார்த்து நீ, "கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்தீங்களா சார்? பந்து உள்ளதான் விழுந்துச்சு!" என்று கத்தினாய். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். தீர்ந்தது, இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன். அவரோ தலையைச் சொறிந்துகொண்டு உங்களுக்கே புள்ளி கொடுத்தார். மனதில் வைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

அடுத்த பந்துக்கு நீ பாய்ந்து சேற்றில் விழுந்தாய். எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்முன் வந்தது. வேலியில் கால் வைத்து ஏறப்போனேன். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது உன் சிரிப்பு என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போனில் நீ சிரிப்பது இப்படி இருக்காது.

கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் உடனே எழுந்து, சேற்றைத் தட்டி, அப்பாவுக்கு டீ வாங்க ஓடியிருப்பாய்.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கண் டாக்டர் என்ன சொன்னாரு, அப்போண்டி அப்பா? தூரப் பார்வை நைரோபி வரைக்கும் தெரியுதாமா?" ஒண்டிட்டியின் மனைவி போன் செய்துவிட்டாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "பிள்ளை எப்படி இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். சேற்றில் கிடந்து சிரித்தாள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கன்றைக் கட்டப் போய்விட்டாள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். அந்தப் பதவி வேண்டாம். கம்பெனியை நான் நம்பிவிட்டேன் என்று எண்ணாதே. ஆள் மயங்கி விழுந்தால் தங்களுக்கு நஷ்டம் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கொடுக்கிறார்கள். எதற்காகவோ கொடுக்கட்டும். ஒருநாள் திருப்பிக் கேட்பார்கள். அன்றைக்கு அவர்களே பிடுங்கிக்கொள்ளட்டும். அந்தப் புதன்கிழமையை நீயாக எடுத்து நீட்டிவிடாதே. உங்கள் கூட்டத்தில் பேச இடம் கிடைத்தால், நியாபுட்டோவுக்கு ஒரு நாற்காலி கேள். முறைத்தால், அப்பா சங்கத்து ஆள் என்று சொல்.

கடவுள் உனக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும். ஏதாவது ஒரு புதன்கிழமை அம்மாவையும் என்னையும் வரச் சொல். நீ கூப்பிட்டு நாங்கள் வந்ததாக இருக்கட்டும்.

உன் அப்பா,
ஸப்லோன்