ஆட மாட்டேன்

ஒக்டோபர் 7, செவ்வாய்

பிற்பகல் மழை. ஆடுகளம் சேறு, பயிற்சி இல்லை. கரப்பந்து (வொலிபோல்) லீக் முடிந்தது. எங்கள் மாத்தளைக் கல்லூரிக்கே முதலிடம். கிண்ணத்துக்கான இறுதிப் போட்டி சனிக்கிழமை. மறுநாள் கொழும்பில் அரச திணைக்கள அணிக்கு ஆள் தெரிவு. தேறினால் அரச வேலை. சென்ற ஆண்டு இதே இறுதியில் எங்கள் அணியின் சுமதி அக்காவுக்கு முழங்கால் போயிற்று, தெரிவும் போயிற்று. ஆகவே சனிக்கிழமை ஆடப்போவதில்லை. முடிவு.

சப்பாத்துக் கயிறு வாங்க வேண்டும்.

8, புதன்

பயிற்றுநர் நவ்சாத் சேரிடம் சொன்னேன். சினக்கவில்லை, அதுவே கடினம்.

"காலு நோவுது, வெளையாட ஏலாதுண்டு எழுதித் தாங்க புள்ள. டொக்டர்ட மெடிக்கல் துண்டு நான் எடுத்துத் தாறன். ஒத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க."

இயலாமை வேறு, மறுப்பு வேறு. கால்கள் இரண்டும் நலம். கடிதத்தில் 'ஆட மாட்டேன்' என்றே எழுதினேன். படித்துத் தலையைச் சொறிந்தார். "இதென்ன புள்ள, லீவு லெட்டரா, யுத்தமா?"

9, வியாழன்

அணிக் கூட்டம். தலைவி ரம்யா எழுந்தாள். "லீக் தொடங்கயில மேடையேறி, 'களம் நீங்கோம்! கடைசிப் பந்துவரை நீங்கோம்!'னு முழங்குனது யாருடி? நாங்க பைத்தியக்காரிங்க, கைதட்டுனோம். இப்ப ஒனக்கு மட்டும் கொழும்பா?"

முழக்கம் என்னுடையதே. ஓசை நயம் குறைவில்லை. உண்மைதான் போதவில்லை. மறுமொழிகள் அணிவகுத்து நின்றன, ஒன்றையும் அழைக்கவில்லை.

"காலுக்கு ஒன்னுமில்ல. வெளையாட மாட்டேன்." அவ்வளவே.

வீட்டில் அப்பா: "அந்தத் துண்ட வாங்கியிருந்தா சிக்கலே இல்லியேம்மா."

இல்லைதான். பொய் மட்டும் இருந்திருக்கும்.

அழுதேன். முடிவு மாறவில்லை.

11, சனி

வெயில். யட்டவத்த மைதானம். அணியின் பின்வரிசையில் அமர்ந்தேன். என் இடத்தில் முதலாண்டு நிசா.

அறிவிப்பாளர்: "எட்டாம் இலக்க வீராங்கனை காயம் காரணமாக இன்று பங்குபற்றவில்லை."

சேர் நிலத்தைப் பார்த்தார். காரணம் அவர் கொடுத்தது. இரக்கம்; ஆயினும் பொய். மேசைக்குச் சென்று ஒலிவாங்கியை வாங்கினேன். வாழ்நாளில் என் மிகச் சிறிய உரை: "எனக்குக் காயமில்லை. நாளைய தெரிவுக்காக நானே விலகினேன்."

கூச்சல். விசில். "சுயநலக்காரி!" குரல் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தேன், மைதானத்தை விட்டுப் போகவில்லை.

மூன்று செட்டும் தோல்வி. கிண்ணம் போயிற்று. நிசா நன்றாகவே ஆடினாள், அவளிடம் சொன்னேன்.

ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நாளைக்குத் தேறாம திரும்பி வந்தே, மாத்தளைக்குள்ள காலடி வைக்காத."

அதிகாலைப் பேருந்து. தேறுவேன்.