புதன்கிழமை என்று வந்த ஜனாஸா அறிவித்தல்

இன்று காலை மின்சாரம் போய் வந்தது. கணினி உயிர்பெற்றதும், நம் இணையப் பக்கத்தின் நிரலை அடைத்துவைத்த கொன்டெய்னர் தானாகவே ஓடத் தொடங்கியது. கறுப்புத் திரையில் முதல் வரியாக நீ எழுதிவைத்தது வந்து நின்றது: "எழும்பிட்டன் மச்சான்." நிரல் பிழையில்லாமல் தொடங்கினால் இப்படிச் சொல்லட்டும் என்று பகிடிக்கு நீ வைத்த வரி. நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதமாகிறது. மின்சாரம் வரும் ஒவ்வொரு தடவையும் நீ எழும்புகிறாய். அந்த வரியை அழிக்கக் கை வரவில்லை. பார்க்கவும் பயமாக இருக்கிறது.

ஊரில் ஒருவர் மவுத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லிவிடும். கட்டாரில் இருப்பவனுக்கும் கொழும்பில் இருப்பவனுக்கும் யார் சொல்வது என்று கேட்டு, பிஎச்பி நிரல்மொழியில் அந்த இணையப் பக்கத்தை நீதான் எழுதினாய். பெயர், தெரு, எந்தத் தொழுகைக்குப் பின் நல்லடக்கம், இவ்வளவும் தட்டினால் போதும். திகதியை மட்டும் யாரும் தட்டக் கூடாது, இயந்திரமே போடும் என்று பிடிவாதம் பிடித்தாய். "மவுத்து வீட்டுல நிக்கிறவனுக்குக் கெழம தெரியாது மச்சான்" என்பது உன் நியாயம். நானும் ஒத்துக்கொண்டேன்.

பழைய சேர்வர் தள்ளாடத் தொடங்கியபோது, எல்லாவற்றையும் கொன்டெய்னருக்குள் வைப்போம் என்றது நான். நிரலும் அதற்கு வேண்டிய சாமான்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். எந்தக் கணினிக்குத் தூக்கிப் போனாலும் ஓடும். அப்போது உனக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாய். படுத்தபடியே கேட்டாய்.

"நேரத்தப் பாத்தயா? பழைய சேர்வர்ல நான் கையால ஊர் நேரத்துக்கு மாத்தி வெச்ச. பொட்டிக்குள்ள அது வராது."

"ஓம்டா, பாத்தன்."

"உள்ள இருக்கிறவனுக்கு ஊர்ல விடிஞ்சது தெரியாது. கவனம்."

பார்க்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன். உன்னைப் பேசவைத்துக் களைக்கப்பண்ணாமல் இருக்கத்தான் ஓம் என்றேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் சோம்பல். பகலெல்லாம் பக்கம் சரியான திகதியையே காட்டியதால் எவரும் கவனிக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்த கடிகாரம் கிரீன்விச் நேரத்தில், நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி ஓடியது. காலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு இன்னும் நேற்றுத்தான்.

நீ வியாழக்கிழமை விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குச் சற்று முன் போனாய். தொழுத கையோடு வந்து, உன் பெயரை உன் பக்கத்திலேயே தட்டினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று போட்டேன். ஐந்து மணி தாண்டியிருந்தது, ஐந்தரை ஆகவில்லை. இயந்திரம் புதன்கிழமை என்று போட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

ஊர்ச்சனம் ஒலிபெருக்கியில் கேட்டு வந்தது. பொலன்னறுவையில் அரிசி ஆலையில் வேலை செய்யும் உன் மூத்த சகோதரர் காக்கா போன் நம்பரை மாற்றியிருந்தார். புது நம்பர் வீட்டில் எவரிடமும் இல்லை. அவர் வியாழன் காலை எட்டு மணிக்கு நம் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். முந்தின நாள் புதன் அஸரோடு அடக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து, ஆலை மூலையில் இருந்து அழுதுவிட்டு, பின்னேரம்தான் பஸ் ஏறினார்.

மையவாடியில் உன்னை அடக்கிவிட்டுத் திரும்பி வந்துதான் அந்தத் திகதியைக் கண்டேன். உடனே வியாழன் என்று திருத்தினேன், கடிகாரத்தையும் சரிசெய்தேன். பொழுதுபட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பின் காக்கா வந்தார். இன்றுதான் அடக்கினோம் என்று கேட்டதும் போனைத் திறந்து பார்த்தார். அதில் வியாழன் என்றிருந்தது.

"என்ட கண்ணுதான் பிழைச்சிட்டு. புதன் எண்டு வாசிச்சிட்டன்."

எல்லோரும் அவரைத் தேற்றினார்கள். நானும் தோளைப் பிடித்துத் தேற்றினேன். பிறகு கண் டொக்டரிடமும் காட்டினாராம். ஒரு குறையும் இல்லை என்றார்களாம். தம்பியின் முகத்தைக் காணாமல் போனது தன் பிழை என்று எட்டு மாதமாகப் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன்.

போன கிழமை, வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட காக்கா, கணினி இருக்கும் நம் அறைக்கு வந்தார். கண்ணைப் பற்றிய கதையை மறுபடியும் எடுத்தார். என்னால் ஏலாமல் போய்விட்டது. கடிகாரம், நீ கேட்டது, நான் சொன்னது, திகதியைத் திருத்தியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்ப அண்டைக்கு உடனே வெளிக்கிட்டிருந்தா, மொகத்தக் கண்டிருப்பன்."

"கண்டிருப்பீங்க காக்கா."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நீ கண்டதானே. மொகம் எப்பிடி இருந்திச்சி?"

சொன்னேன். குளிப்பாட்டிய ஈரம் தாடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயை ஒட்டிய பிளாஸ்டரின் தடம் இடது கன்னத்தில் சிவந்து கிடந்தது. வாய் சற்றே திறந்து, ஏதோ கேட்க வந்தவன் போல இருந்தாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் அஸர் தொழுதுவிட்டு வருகிறார். அதே கதிரையில் இருந்து அதையே கேட்கிறார். அவர் கண்டிருக்க வேண்டிய உன் முகத்தை நான் சுமந்து வைத்திருந்து, தினமும் எடுத்துச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல அது என்னிடமிருந்து தேய்கிறது மச்சான். நேற்று, தடம் இடது கன்னத்திலா வலது கன்னத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. இடது என்றேன். காக்கா நம்பிவிட்டார்.