சோடா மூடி ஆணி

7 டிசம்பர் 1991, சனி

மகள் ஸ்டெல்லாவின் பிறந்தநாள் கேக்குக்காக ஐசிங்கில் ரோஜா செய்யப் பழகுகிறேன். சோடா மூடியில் நீள ஆணி அடித்து, ஆணியை விரலால் உருட்டிக்கொண்டே மூடிமேல் இதழ் பிழிய வேண்டும். ஒரு வாரமாகக் கை நடுங்கி, எல்லாம் முட்டைக்கோஸாகவே வந்தன. இன்றுதான் நாலு பூ தேறியது.

ஷிப்ட் முடிந்து குடித்துவிட்டு வந்த வீட்டுக்காரர், "இன்னாடி, சக்கரைய கொட்டி வெளையாடிகினு கீறியா?" என்று பூத்தட்டைக் குத்தி நொறுக்கினார்.

"வாணாம்பா!" என்று குறுக்கே விழுந்த குழந்தையை எட்டி உதைத்தார். மறுபடி ஓங்கிய கையில் ஆணியை இறக்கினேன். என் கை நடுங்கவில்லை.

கம்பெனியில் குத்தியது என்று டாக்டரிடம் சொல்லிக் கட்டுப் போட்டு வந்து, இப்போது குறட்டை விடுகிறார். எழுந்தால் என்ன செய்வாரோ. ஆணியைக் கழுவித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். காலையில் அதில்தான் பூ பிழிய வேண்டும்.