ஒற்றை சீட் வண்டி

5 மார்ச்

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

"இந்தப் பழைய இரும்பையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஊர்ப் பள்ளி வேலைக்குப் போனாயே, அந்த இரும்புக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. பைக்கை நம் இஷ்டப்படி மாற்றிக் கட்டித் தரும் பட்டறைக்காரர் ஒருவர் கிடைத்திருக்கிறார். நான் கஃபே ரேசர் ஸ்டைல் சொல்லியிருக்கிறேன். தாழ்ந்த ஹேண்டில்பார், ஒற்றை சீட், அதன் பின்னால் சின்னதாக ஒரு திமில். இதோடு படம் வைத்திருக்கிறேன். சீட் அளவு சரியானதும் பின்பக்கச் சட்டத்தை அறுத்துவிடுவார். அறுத்தால் அறுத்ததுதான்.

என்ன நிறம் அடிக்கலாம்? அந்த விஷயத்தில் உன் கண்ணைத்தான் நம்புவேன்.

இப்படிக்கு,
உன் ஸ்பேனர்

11 மார்ச்

ஸ்பேனர் அவர்களுக்கு,

படம் பார்த்தேன். கறுப்பு அடியுங்கள்.

ஒரே ஒரு ஆள் உட்காரும் வண்டி. வாயால் சொல்ல முடியாததைப் படம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அறுத்தால் அறுத்ததுதான் என்று குறிப்பு வேறு. அடுத்த வருடமும் இருப்பாயா என்று தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டே இருக்கிறார். திரும்பி வந்துவிடலாம் என்ற நினைப்பில் நான்தான் இழுத்தடித்தேன். இருக்கிறேன் என்று மாதக் கடைசிக்குள் சொல்லிவிடப் போகிறேன்.

கோபமெல்லாம் இல்லை. அழுகைதான் வந்தது. சட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாத்தியாரம்மா

16 மார்ச்

அம்மா தாயே,

உன் கடிதம் வந்ததும் பட்டறைக்கு ஓடினேன். ஒற்றை சீட் என்றால் ஒற்றை ஆள் என்பது சத்தியமாக எனக்கு உறைக்கவே இல்லை. என் மண்டையில் இருப்பது களிமண்.

நல்ல வேளை, சட்டத்தை அறுக்கவில்லை. அந்த மனிதருக்கு ஒரு வழக்கம். முதலில் பலகையில் மாதிரி சீட் செய்து, நம்மை உட்காரவைத்து, சாக்பீஸால் கோடு போடுவார். போன வாரம் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குக் கோடு நிற்கவே இல்லை. "சார், டேங்க் மேல ஏறி உக்கார்றீங்க, பின்னாடி தள்ளுங்க" என்றார். தள்ளினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி முன்னால் வந்துவிட்டேன். "யாருக்கு சார் இடம் விடறீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. உன்னைப் பின்னால் வைத்தே ஓட்டிய உடம்பு இது, வேறு மாதிரி உட்கார அதற்குத் தெரியவில்லை.

கஃபே ரேசரை விட்டாச்சு. நீள சீட், நிமிர்ந்த ஹேண்டில்பார். "கல்யாணமான வண்டின்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று பட்டறைக்காரர் திட்டுகிறார்.

தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டாயா? பயமாக இருக்கிறது. வந்துவிடு.

உன்
ஸ்பேனர்

21 மார்ச்

என் ஸ்பேனருக்கு,

இப்போதுதான் மூச்சு வந்தது. ஆசிரியர் அறையில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கணக்கு டீச்சர் என்ன விஷயம் என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு உக்காரத் தெரியலையாம்" என்றேன். பாவம், நல்ல டாக்டராகப் பார்க்கச் சொன்னார்.

அடுத்த வருடம் நான் இல்லை என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையில் கிடந்தால் மறுபடி பஸ் ஏறிவிடுவேன், அதில் மாற்றமில்லை. கறுப்பு வேண்டாம், அது எரிச்சலில் சொன்னது. கரும்பச்சை அடியுங்கள்.

பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒரு கம்பி வைக்கிறேன் என்று உங்கள் பட்டறைக்காரர் ஆரம்பிப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

உங்கள்
வாத்தியாரம்மா