ஏரிப் படகில் அம்மா கதைத்த மொழி

என் அப்பா,

சாமிப் படங்களுக்குப் பக்கத்துச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு உங்கட குஞ்சு எழுதுகிறேன். வருகிற மாதம் உங்கட முதலாம் ஆண்டு, ஆட்டைத் திவசம். அதற்கு ஒரு நினைவு மலர் அடித்து, மண்டபத்தில் வாசிக்கப் போகிறார்கள். "பிள்ளை ஒரு பக்கம் எழுதட்டும், தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள்தானே" என்று உங்கட அக்கா, என்ர மாமி, சொன்னா. மாமி கேட்டது உங்கட புன்னகையைப் பற்றி நாலு வரி. நானும் அதைத்தான் எழுத இருந்தேன். அதற்கிடையில் ஒரு படகில் ஏறி இறங்கினேன். இப்போது அந்த நாலு வரி வருகுதில்லை.

நானும் அம்மாவும் இத்தாலிக்குப் போய் வந்தோம் அப்பா. கோமோ ஏரிக்கு. உங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லி விளக்கத் தேவையில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்ற அம்மா, "பிள்ளை, கோமோ எண்டு ஒரு ஏரி இருக்காம். போவமே?" என்று கேட்டா. நீங்கள் போன பிறகு அம்மா தானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தரம். தொலைக்காட்சியில் பார்த்திருப்பா என்று நினைத்தேன். மாமிக்குத் தெரிய வந்ததும் தொலைபேசி எடுத்தா. "ஆட்டை முடியேல்ல, அதுக்குள்ள தாயும் மேளும் வள்ளம் ஓடப் போகினமாம். நல்லாயிருக்கு." அம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் பருப்பைக் கிண்டினா. வழக்கம்போல அம்மாவுக்காக நான்தான் "ஓம் மாமி, ஓம் மாமி" என்று சொல்லி முடித்தேன்.

அது என் வேலைதானே அப்பா. டாக்டரிடம், கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரில், பல் வைத்தியரிடம், மருந்துக் கடையில், எல்லா இடத்திலும். வைத்தியசாலையில் அம்மா முகம் கழுவப் போயிருந்த நேரம் நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "அம்மாவைத் தனிய விடாதை குஞ்சு. அவவுக்கு வெளியில ஒண்டும் தெரியாது. உன்ர வாய்தான் அவவுக்கு வாய்." நான் ஓம் என்றேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுதான் முழுக் காரணம் என்று சொன்னால் பொய். வகுப்பில் கையை உயர்த்தி ஒரு வார்த்தை சொல்ல முடியாத பிள்ளைக்கு அது வசதியான காரணமாகவும் இருந்தது. இப்போது முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில் வேலை. மெஷின்கள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

"தாயைப் போல. வாய் திறக்காது" என்று எல்லாரும் சொல்லுவார்கள். எனக்கு அது பிடித்த சொல். கூச்சம் அம்மாவிடமிருந்து வந்த சொத்து மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்.

படகை நான்தான் பதிந்தேன். நூறு பேர் போகிற பெரிய படகுக்குப் பயந்து, எட்டுப் பேர் மட்டும் போகிறதைத் தேடி எடுத்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று ஏறிய பிறகுதான் விளங்கியது. நூறு பேரில் ஒளிக்கலாம், எட்டுப் பேரில் ஒளிக்க ஏலாது. ஒரு டச்சுத் தம்பதி, நாலு ஜெர்மன் சிநேகிதிகள், நாங்கள் இரண்டு பேர். மரப் படகு, வெள்ளைத் துணிக் கூரை. ஓட்டினது லூச்சியா என்று ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவ ஒவ்வொருவராக எங்கேயிருந்து வந்தது, பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு வந்தா. என் முறை வந்ததும் "டென்மார்க்" என்றேன். அவவுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்கவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்தா. நான் உடனே, "அவ கதைக்க மாட்டா" என்று சொன்னேன்.

அம்மா என்னை ஒருக்கால் திரும்பிப் பார்த்தா.

நான் கவனித்திருக்க வேண்டும். மிலான் ஸ்டேஷனில் நான் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா சரியான மேடைக்கு நடந்துவிட்டா. ரயில் டிக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி, தூணில் இருந்த சின்ன மெஷினுக்குள் விட்டு முத்திரை அடித்தா. "உது என்னத்துக்கு?" என்று கேட்டேன். "எல்லாரும் செய்யினம்" என்றா. சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் செய்யவில்லை. இருந்தும் ஒன்றும் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு ஏதும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

படகு கரையோரமாகப் போனது. பெரிய மாளிகைகள், தண்ணீருக்குள் இறங்குகிற கல் படிகள். லூச்சியா எது எந்தப் பணக்காரரின் வீடு என்று சொல்ல, ஜெர்மன் சிநேகிதிகள் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு சின்ன ஊர் வந்தது. ஒரு மாதா கோயில் கோபுரம், அதற்குக் கீழே பச்சை யன்னல் வைத்த ஒரு மஞ்சள் வீடு. அதைப் பற்றி லூச்சியா ஒன்றும் சொல்லவில்லை. அது சாதாரண வீடு.

அம்மா எழும்பினா. படகு ஒரு பக்கம் சரிந்தது. டச்சுக்காரர் கம்பியைப் பிடித்தார். லூச்சியா திரும்பி இத்தாலி மொழியில் சத்தமாக ஏதோ சொன்னா, இருக்கச் சொல்லித்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அவவுக்காக மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அம்மா பதில் சொன்னா. இத்தாலி மொழியில்.

ஒரு சொல் இல்லை அப்பா. ஒரு வசனம், பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். மஞ்சள் வீட்டைக் காட்டினா, கோபுரத்தைக் காட்டினா, கையை இரண்டு பக்கமும் விரித்தா. எங்கட வீட்டில் அம்மாவின் கை அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. லூச்சியா மோட்டரை நிறுத்திவிட்டா. இரண்டு பேரும் ஒருவர் பேச்சுக்குள் மற்றவர் புகுந்து கதைத்தார்கள். அம்மா ஏதோ பகிடி விட்டா, லூச்சியா தொடையில் அடித்துச் சிரித்தா. அதன் பிறகு என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், "இவ கதைக்க மாட்டா என்று நீ சொன்னாயே?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மிச்சப் பயணம் எங்கே போனது என்று தெரியாது. என் பக்கத்தில் இருந்த பெண்ணின் சேலைப்பின்னும் மணிக்கூடும் அம்மாவுடையவை. குரல் யாருடையது என்றுதான் தெரியவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

இறங்கின பிறகு படகுத்துறையில் கிடந்த மர வாங்கில் இருந்தோம். அம்மாவே சொல்லத் தொடங்கினா. கலியாணத்துக்கு முதல் மூன்று வருசம் அந்த மஞ்சள் வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தாவாம். ஊரிலிருந்து டென்மார்க் வரத்தான் புறப்பட்டது, வழியில் இத்தாலியில் நின்றுபோனது. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. லீவுக்கு இந்த ஏரிப் படகுதான்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன? சம்பந்தம் பேசேக்க என்னைப் பாக்க ரெண்டு நாள் இஞ்சதான் வந்து நிண்டவர். இந்தத் துறையிலதான் முதல் முதல் கண்டது. பாவம், அவருக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல. டிக்கெட் எடுத்தது, சாப்பாடு சொன்னது, எல்லாத்துக்கும் நான்தான் கதைச்சனான். அவர் எனக்குப் பின்னால நிண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டவர். உன்னைப் போல."

உன்னைப் போல. அம்மா அதைச் சும்மா சொன்னா அப்பா. எனக்குத்தான் அது சும்மா இல்லை.

மிச்சத்தையும் சொன்னா. தனியாக வெளிநாட்டில், அந்நிய வீட்டில் மூன்று வருசம் நின்ற பெண்ணைத் தம்பிக்குக் கட்டிவைக்க மாமி சம்மதிக்க மாட்டா என்று நீங்கள் பயந்தீர்களாம். அதனால் அம்மா கொழும்புக்குத் திரும்பிப் போய், அங்கே உங்களைக் கலியாணம் கட்டி, ஐரோப்பாவை முதல் தரம் பார்க்கிற ஆள் மாதிரி டென்மார்க்கில் வந்து இறங்கினாவாம். ஹேர்னிங் நகரத்துக் கடைத்தொகுதியில் தானாக ஓடும் படிக்கு முன்னால் மாமி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்து, "பயப்பிடாதையும் பிள்ளை, வலக்காலை வையும்" என்று சொல்ல, அம்மா பயந்தது மாதிரி நடித்தாவாம். நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி நின்று சிரித்தீர்களாம்.

பிறகு டெனிஷ் படிக்கப் போனபோது வாயைத் திறந்தால் இத்தாலிச் சொல்தான் முதலில் வந்ததாம். அதே வகுப்பில் மாமி. ஒரு நாள் டீச்சருக்கு நன்றி சொல்ல "கிராட்சியே" என்று வந்துவிட்டது. "என்ன சொன்னனீர்?" என்று மாமி கேட்டா. "தும்மினனான் மச்சாள்." அதோடு அம்மா வகுப்பில் வாயை மூடிக்கொண்டா. பிறகு வகுப்புக்கே போகவில்லை. "நீர் இரும், நான் கதைக்கிறன்" என்று நீங்கள் சொன்னீர்களாம். நான் பிறந்து வளர்ந்ததும் அந்த வேலை எனக்கு வந்தது.

இதுதானா அப்பா? மாமிக்குச் சொல்லக் கூச்சப்பட்டு நீங்கள் ஒளித்த ஒன்று, அம்மாவின் நாக்கையே கட்டிப்போட்டதா? மாமி உண்மையில் ஏசியிருப்பாவா? யாராவது ஒரு தரமாவது கேட்டுப் பார்த்தீர்களா?

எல்லாவற்றையும்விட இது. அம்மாவுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது என்று கட்டிலில் கிடந்து என்னிடம் ஏன் சொன்னீர்கள்? அது பொய் என்று உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது. இதை அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு மறந்துபோச்சுது போல, பிள்ளை. எனக்கே மறந்துதான் கிடந்தது" என்றா. நம்பவா? மறக்கக்கூடிய சங்கதியா இது? உங்களோடு சண்டை பிடிக்கவேண்டும் போல இருக்கு. படத்தோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது?

இக்காஸ்ட் வீட்டுக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அம்மா டாக்டருக்குத் தானே போன் எடுத்தா. நான் கையை நீட்டினேன், தரவில்லை. டெனிஷ் பாதி, கையசைப்புப் பாதி, நடுவில் இத்தாலியும் வந்தது. மற்றப் பக்கத்து ஆள் மூன்று தரம் திருப்பிக் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தா.

"எப்பவாம்?" என்று கேட்டேன்.

"செவ்வாயோ புதனோ. வடிவா விளங்கேல்ல."

"அப்ப என்ன செய்யிறது?"

"ரெண்டு நாளும் போறன்."

"நானும் வாறன்."

"நீ ஏன்? டாக்டரிட்டக் காட்ட உனக்கென்ன வருத்தம்?"

செவ்வாய் போய்த் திரும்பி வந்தா, புதனும் போனா. நான் இரண்டு நாளும் வீட்டில் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். ஒரு வேலை போனால் ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல.

இதை மலரில் போடலாமோ என்று அம்மாவைக் கேட்டேன். மாமி வாசிப்பா என்றும் சொன்னேன். "வாசிக்கட்டும். கட்டாயம் அந்த ஓடும் படியையும் எழுது" என்றா. எழுதிவிட்டேன்.

அப்பா, உங்களுக்கு நான் கொடுத்த வாக்கைத் திருப்பி எடுக்கிறேன். அம்மாவுக்குப் பதிலாக இனி நான் கதைக்க மாட்டேன். பள்ளிக்கூடம் திரும்பப் போவேனோ தெரியாது, அதை இப்போது சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. ஆனால் ஒன்று செய்வேன். திவசத்தன்று மண்டபத்தில் இந்தக் கடிதத்தை வேறு யாரும் வாசிக்க விடமாட்டேன். மாமி முன்வரிசையில் இருப்பா. நான் எழும்பி நிற்பேன். பின்னுக்கு இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால், கேட்கும் வரைக்கும் திருப்பி வாசிப்பேன்.

கோபம் தீராத, ஆனாலும் உங்களைப் போலவே இருக்கிற
உங்கட ஒரே மகள்,
அபிரா