வேட்டியின் இடது பக்கம்

கேமரா பையின் அடியில் உன் இரட்டை வேட்டி கிடந்தது. உதறினால் பாச்சை உருண்டை வாசம். நான் தேடியது வேட்டியை இல்லை, உன் முகத்தை. போன வாரம் உன் மனைவி வந்து, "அண்ணே, பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு விளக்கு வைக்க ஒரு படம் வேணும். அடையாள அட்டையில உள்ளது அவரு இல்ல, ஏதோ கள்ளன்" என்றாள். ஊரையே படம் பிடித்தவனிடம் உன் படம் இல்லாமலா போகும் என்று தைரியமாகத் தலையாட்டிவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபிளாஷ் வாங்கிய புதிதில், பாறசாலையில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் நேருக்கு நேர் சுட்டுத் தள்ளினேன். நெற்றி மின்னியது, மூக்கு வெளுத்தது, பின்சுவரில் கறுப்பாக இன்னொரு ஆள் நின்றார். என் முதல் கல்யாண ஆல்பத்தை உதியன்குளங்கரையில் உன் சைக்கிள் கடைக்குக் கொண்டுவந்தேன். பஞ்சர் ஒட்டியபடியே பார்த்துவிட்டு, "எலே மக்கா, பெண்ணு மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சதாக்கும் இது" என்றாய். ஃபிளாஷை வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பினால் வெளிச்சம் பதமாக விழும் என்று நானும் படித்திருந்தேன். ஓலைப் பந்தலில் வெள்ளைச் சுவருக்கு எங்கே போவது?

அடுத்த கல்யாணம் கொல்லயில் கிராமத்தில். நீயும் வந்தாய். சொந்தக்காரர்களை நான்கு வரிசையாக நிறுத்திவிட்டு நான் முழித்துக்கொண்டிருந்தேன். நீ உடுத்திருந்த வேட்டியை அவிழ்த்து, காக்கி நிக்கரோடு என் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாய். "நீ ஆளப் பிடி, வெளிச்சத்த நான் பிடிக்கேன்."

பெண்ணின் மாமா, "ஆருலே இது, முண்ட அவுத்துட்டு நிக்கது?" என்று கேட்க, நான்கு வரிசையும் சிரித்தது. ஃபிளாஷை வேட்டிப் பக்கம் திருப்பி அமுக்கினேன். படத்தில் மாமா மட்டும் முறைத்தார்.

அதன்பிறகு என்னைக் கூப்பிட வந்தவர்கள், "வேட்டிக்காரன் உண்டுமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எனக்குப் பொறாமைதான். சைக்கிள் தூக்கித் தூக்கி உன் இடது தோள் இறங்கிப்போயிருந்தது. வேட்டியும் அந்தப் பக்கம் தாழும். "இடது பக்கம் தூக்குலே" என்று நான் கத்தாத கல்யாணம் இல்லை.

கடற்கரையில் அந்த மீன்காரர் மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? கார்த்திகை மாதம், நீ மாலை போட்டிருந்தாய். நிக்கருக்கு மேலே காவி வேட்டி. வழக்கம்போல அவிழ்த்துப் பிடித்தாய், வழக்கம்போல நானும் எடுத்தேன். பிரிண்ட் வந்தபோது பெண்ணின் வெள்ளைச் சேலை முதல் பாதிரியாரின் அங்கி வரை எல்லாம் காவி.

"எம் மவ கெட்டிப் போனாளா, காசிக்குப் போனாளா?" என்றார் பெண்ணின் அப்பா.

"அடுத்த தடவ வெள்ள உடுத்துட்டு வாறேன்" என்றாய் நீ.

"அடுத்த தடவையா?" என்று அவர் எழுந்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டதால் பிழைத்தோம். அவள் மறுபடியும் சேலை உடுத்து வந்தாள். நீ இந்த இரட்டை வேட்டியைக் கொண்டுவந்து பிடித்தாய். அன்று எடுத்த முகம்தான் பல வருடம் என் கடைக் கண்ணாடிக்குள் பெரிதாகத் தொங்கியது.

மூன்று நாள் நெகட்டிவ்களைக் கிளறினேன். ஒன்றில் உன் விரல்கள், ஒன்றில் செருப்பு. அவ்வளவுதான். "நீயும் நில்லுலே" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! "பின்ன வெளிச்சம் ஆரு பிடிப்பா?" என்பாய். ஒரு தடவையாவது உன்னை இழுத்து நிறுத்தியிருக்க வேண்டும். அது என் தப்பு.

வேறு வழி தெரியாமல், அந்தப் பெண்ணின் பெரிய படத்தையும் ஒரு லென்ஸையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். "கண்ணுக்குள்ள பாருங்க" என்றேன். இரண்டு கருவிழியிலும் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம். உன் மனைவி வெகுநேரம் பார்த்தாள்.

"இடது பக்கம் தாழ்ந்திருக்கு" என்றாள். "அவருதான்."

விளக்கு அந்த அடையாள அட்டைக் கள்ளன் முன்னால்தான் எரிந்தது. படத்தை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வெள்ளைத் துணியைப் பிடிக்க என்னிடம் ஸ்டாண்டு இருக்கிறது, அதற்குத் தோள்வலி கிடையாது. ஆனாலும் கட்டி முடித்ததும் என் கை தானாகப் போய் இடது பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறது.