டோரத்திக்காக மூணு பூசை

பெர்மாஸ் ஜெயா,
ஏப்ரல் 2.

அன்பு மக ஷர்மைனுக்கு, அம்மா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிற அளவுக்குத் தெம்பா இருக்கோம், அங்க நீயும் டப்ளின் குளிரும் எப்படி? போன்ல பேசுனா க்ளாஸ் இருக்குன்னு வெச்சிடுவே, அதான் கடுதாசி.

முதல்ல டோரத்தி விஷயம். பிப்ரவரில நீ போன் போட்டு, பாவம்மா டோரத்தி, மார்ல கட்டி, பெத்த பிள்ளைங்ககிட்டகூட சொல்லாம மறைக்கிறா, என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் அழுதுட்டாங்கன்னு மூக்கை உறிஞ்சுனே. நர்சிங் காலேஜ்ல பாடம் நடத்துறவ சொன்னா பேஷண்ட்னுதானே நினைப்பேன்? கோயிலுக்கு ஓடிப்போய் பூசைக் கருத்துல பேரைக் குடுத்துட்டேன். மூணு ஞாயிறு ஃபாதர் வாசிச்சாரு, மொத்தக் கோயிலும் மன்றாடுச்சு, பக்கத்து வீட்டு பேட்ரிசியா ஆண்ட்டி ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தியே இருந்தாங்க. அப்புறம் நீ சாவகாசமா சொல்றே, ஐயோ அம்மா, அது க்ளாஸ்ல பாடமா வெச்சிருக்கிற நாவல்ல வர்ற ஆளுன்னு. அலமாக்! அப்பா சிரிச்ச சிரிப்புல பல்செட்டே கழண்டு விழுந்துச்சு.

நல்ல படிப்புதான் போ. நாங்க பெட்பேன் கழுவிக் கத்துக்கிட்டதை உன் பிள்ளைங்க காப்பி குடிச்சிக்கிட்டே கதைப் புத்தகத்துல கத்துக்கிறாங்க. அந்தப் பொம்பளை ஏன் மறைக்கிறான்னு நாலு பக்கம் வேற எழுதணுமாமே, எழுதட்டும், மார்க் போடு. நீ அனுப்புன அந்த நாவலை நானும் படிச்சேன், ரெண்டு தரம். எழுதுனவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. குளிக்கிறப்ப கட்டியில கை பட்டதும் வெடுக்குன்னு எடுத்துட்டு சோப்பைத் தேடுறா பாரு, நானும் அப்படித்தான் தேடுனேன்.

ஆமா, கிறிஸ்மஸுக்கு முன்னாலயே. முப்பத்தோரு வருஷம் வார்டுல ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ஸ்டாஃப் நர்ஸ் ரீத்தா, தன் கட்டியை மூணு மாசம் மூடி வெச்சிருந்தா. உன் நாவல்ல டோரத்தி சாகுற இடம் வந்ததும் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். கேன்சர்னு போன வாரம் சொல்லிட்டாங்க. உன் பாடம் வீண் போகல, ஒரு கிழட்டு ஸ்டூடண்ட் பாஸ். ஆனா பயமா இருக்கு ஷர்மைன். நேத்து பூசைக்கு என் பேரைக் குடுத்தேன், இவங்களும் நாவல்ல வர்ற ஆளான்னு கேட்டாரு ஃபாதர்.

மாதா உன்னைக் காக்கட்டும். வெறும் ரொட்டியைக் கடிச்சிட்டுப் படுக்காதே, சோறு ஆக்கிச் சாப்பிடு. ஆபரேஷன் இருபத்தெட்டாம் தேதி. அன்னைக்கு க்ளாஸ் இருந்தா, பிள்ளைங்களை நாவல் படிக்கச் சொல்லிட்டு நீ வந்துடு.

உன் அம்மா,
ரீத்தா கில்பர்ட்